வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒரு வருடம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் பதினேழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் (உள்ளே சுற்றும் செம்புக் கம்பிச் சுருள்) கட்டுபவர். 2023 ஏப்ரல் கடைசியில் ஓர் இரவில், பத்து வயதுப் பையனையும் ஏழு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஈரோடு சந்திப்பில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். 2024 மார்ச் முடியும்போது திப்ருகரிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸில் அதே ஈரோட்டில் வந்து இறங்கினோம். பதினோரு மாதம். அந்தப் பயணத்தைப் பற்றிச் சென்ற மாதம் இந்த இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

*கேள்வி: நாங்களும் நீங்கள் போனது மாதிரியே நாலு பேர். ஒரு வருடம் இந்தியாவைச் சுற்ற மொத்தம் எவ்வளவு ஆகும்? கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.*
ஒரு வாசகர், நாமக்கல்

தம்பி, கணக்கைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். திரும்பி வந்த பிறகு வரும் மூன்று மாதம்தான் முதல் செலவு. எங்கே போவது, எதில் போவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் கையில் இருந்ததைச் சொல்கிறேன். ஏலச்சீட்டு முடிந்து வந்தது 5,00,000. தொடர் வைப்பில் 2,40,000. வீட்டுக்காரரின் இரண்டாவது வண்டியை விற்றது 38,000. எங்கள் வீட்டை மாதம் 9,500-க்கு வாடகைக்கு விட்டோம், பதினோரு மாதத்துக்கு 1,04,500. ஆகமொத்தம் 8,82,500 ரூபாய். இதில் திரும்பி வரும் மூன்று மாதத்துக்கு என்று 1,20,000 எடுத்து என் தம்பி பெயரில் வைப்பில் போட்டேன். நானே கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு என்று 1,00,000 தனியாக. மீதி 6,62,500. பதினொன்றால் வகுத்தால் மாதம் 60,000 சொச்சம். அந்த 60,000-ஐ இப்படிப் பிரித்தேன்: தங்க 14,000, சாப்பாடு 18,000, ரயில் பஸ் ஆட்டோ 12,000, ஊரில் நிற்காமல் ஓடும் செலவுகள் (மாமியாரின் மாத்திரை, காப்பீட்டுத் தவணை, வீட்டுவரி) 7,000, போன், சலவை, சில்லறை 5,000, சுற்றிப்பார்க்க 4,000.

திரும்பி வந்த பிறகு என்ன நடந்தது என்றும் கேளுங்கள். குடியிருந்தவர் தேதி முடிந்தும் நாற்பது நாள் வீட்டைக் காலி செய்யவில்லை. கோபியில் அம்மிச்சி வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரரைத் தேடி வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அதற்குள் வேறு கடைக்குப் பழகிவிட்டார்கள். பழையபடி வேலை சேர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவு 48,000. வெள்ளையடித்து, எரிந்துபோன தண்ணீர் மோட்டாரை மாற்றியது 31,000. அவரே காயில் கட்டிப் பார்த்தார், மோட்டாரின் உடம்பே வெந்துபோயிருந்தது. பிள்ளைகளுக்குச் சீருடை, நோட்டு, ஒரு சைக்கிள் 14,000. வண்டிக் காப்பீடும் சர்வீஸும் 6,000. கூட்டினால் 99,000. அந்த 1,20,000 இல்லாவிட்டால் வந்த வாரமே கைமாற்றுக்கு அலைந்திருப்போம்.

அடுத்தது, நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம். மே மாதம் 71,400 செலவானது. ஜூனில் 66,800. இரண்டு மாதத்தில் 18,200 துண்டு விழுந்தது. இமாச்சலில் காங்க்ரா பக்கம் இருக்கும் பாலம்பூரில் ஒரு வராந்தாவில் உட்கார்ந்து, மண்டியில் செய்வது போலவே நாள்வழியை (அன்றாடச் செலவு எழுதும் நோட்டு) தலைப்புவாரிப் பேரேட்டுக்கு மாற்றினேன். பதிவை இடவாரியாகப் போடாமல் இரண்டே தலைப்பில் போட்டேன்: தங்கிய நாள், இடம் மாறிய நாள். தங்கிய நாளுக்கு, அறை வாடகை சேர்த்தே 1,350 ரூபாய் வந்தது. இடம் மாறிய நாளுக்கு 4,800. நாலு டிக்கெட், இரண்டு ஆட்டோ, மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு, போய் இறங்கிய அவசரத்தில் கேட்ட விலைக்கு எடுத்த அறை. மே மாதத்தில் ஏழு தடவை இடம் மாறியிருந்தோம். பணம் போனது ஊர் பார்ப்பதில் இல்லை, ஊர் மாறுவதில். அன்றைக்கே முடிவு செய்தோம், இனிமேல் ஒரு ஊரில் இருபது நாளுக்குக் குறையக் கூடாது என்று. கட்ச் மாவட்டத்தில் மாண்டவியில் இருந்த ஒரு மாதம், ஈரோட்டில் ஓடும் செலவு 7,000 சேர்த்து 51,200-தான்.

மாத வாடகைக்கு வீடு எடுத்தால் சமைக்கலாம். நாங்கள் கொண்டுபோனது ஒரே ஒரு மின்சார ரைஸ் குக்கர், ஒன்றரை லிட்டர். அரிசியும் பருப்பும் சாதம் தெரிந்த கொங்குக் குடும்பத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? சின்ன வெங்காயம் கிடைக்காத இடத்தில் பெரிய வெங்காயம், துவரைக்குப் பதில் அந்த ஊரில் எது மலிவோ அந்தப் பருப்பு. இமாச்சலில் ஒரு மழை நாளில் மசூர் பருப்பும் கடுகெண்ணெயும் போட்டுச் செய்தேன். பெரியவன் தட்டை வழித்துவிட்டு, "இது நம்ம சாதத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன்மா" என்றான். மாண்டவியில் 5 கிலோ சிறிய எரிவாயு உருளை வாங்கினோம். அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. ஊரை விட்டுக் கிளம்பும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ரயிலில் ஏற்றக் கூடாது.

ஊர்களின் வரிசையை வானிலைதான் முடிவு செய்யும். ஏப்ரல், மே, ஜூன் இமாச்சல். ஜூலை, ஆகஸ்ட் லடாக், அது மலைக்கு அந்தப்பக்கம் இருப்பதால் பருவமழை அவ்வளவாக எட்டாது. அக்டோபர், நவம்பர் கங்கைக் கரை. டிசம்பர், ஜனவரி கட்ச். பிப்ரவரி பூரி. மார்ச் அசாம், மேகாலயா, அங்கே மழை பிடிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். ஜூலை மாதம் காங்க்ரா பக்கம் மட்டும் இருக்காதீர்கள். நாங்கள் இருந்தோம், துவைத்த துணி நாலு நாள் காயவில்லை. அந்த ஜூலை இரண்டாவது வாரத்தில்தான் குலு, மணாலிப் பக்கம் பெருவெள்ளம் வந்து சாலைகளை அடித்துக்கொண்டு போனது. நாங்கள் 12-ஆம் தேதி மணாலிக்குக் கிளம்புவதாக இருந்தோம். முன்பணம் கட்டியிருந்த விடுதி 6,500 ரூபாயைத் திருப்பித் தரவில்லை. பணம் போனால் போகிறது என்று பாலம்பூரிலேயே இருந்துவிட்டு, மாதக் கடைசியில் ஜம்மு, ஸ்ரீநகர், கார்கில் வழியாக லடாக்கின் லே ஊருக்குப் போனோம். வருடம் முழுவதற்கும் முன்கூட்டியே அறை போட்டு வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ரயிலுக்கும் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. ஆக, இரண்டு மாதத்துக்கு மேல் திட்டம் போட்டாலும் டிக்கெட் கையில் வராது.

குழந்தை டிக்கெட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 5 முதல் 12 வயதுக்குள் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாம் என்றால்தான் பாதி. ஒரு இரவுப் பயணம் என்றால் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். விவேக் எக்ஸ்பிரஸ் ஓடும் மொத்தத் தூரம் 4,100 கிலோமீட்டருக்கு மேல், அதில் ஈரோடு வரைக்குமே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். நாலு படுக்கையும் எடுங்கள்.

*கேள்வி: பையன் ஏழாவது முடிக்கிறான், பெண் நாலாவது. ஒரு வருடம் பள்ளியை விட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா? என் மாமனார், "பிள்ளைங்க படிப்பைக் கெடுக்கப் போறியா" என்று தினமும் கேட்கிறார்.*
ஒரு வாசகி, திருமங்கலம்

அம்மா, எனக்கும் இதே கேள்வி எங்கள் வீட்டிலேயே வந்தது. என் மாமியார் ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை. அந்தக் கவலை நியாயமானது, அதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவும் கூடாது. நடைமுறையில் என்ன செய்வது என்றால், முழு ஆண்டுத் தேர்வு எழுதி முடித்ததும் மாற்றுச் சான்றிதழை முறையாக வாங்கிவிடுங்கள். பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் உள்ள மாணவர் எண்) ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி அந்தப் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே கிளம்புங்கள். அது மாறாமல் கிடந்தால் புதுப் பள்ளியால் பெயரை ஏற்ற முடியாது.

எங்கள் பிள்ளைகள் படித்த தனியார் பள்ளியில், இடத்தைப் பிடித்து வைக்க வேண்டுமானால் வராத வருடத்துக்கும் முழுக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 64,000. மாண்டவியில் ஒரு மாதத்தை இதில் ஓட்டிவிட்டு இன்னும் மிச்சம் பிடிக்கலாம். அதைக் கட்டவில்லை. சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய், திரும்பி வந்து அரசுப் பள்ளியில் ஒரே காலையில் சேர்த்தோம். தலைமையாசிரியர் பெரியவனிடம் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார், பின்னத்தில் இரண்டு கணக்குக் கொடுத்தார், ஏழாம் வகுப்பில் உட்கார வைத்தார். சின்னவள் நான்காம் வகுப்பு. இருவருமே இன்னும் அங்கேதான் படிக்கிறார்கள்.

படிப்புக்கு நாங்கள் செய்தது காலையில் இரண்டு மணி நேரம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழும் கணக்கும் மட்டும் அச்சுப் புத்தகமாகக் கொண்டுபோனோம், மற்றதைப் போனில் படித்தார்கள். கணக்கை நான் நடத்தவில்லை, நாள்வழி நடத்தியது. அன்றாடச் செலவைப் பெரியவன் எழுத வேண்டும், சின்னவள் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். தப்பு வந்தால் அடுத்த நாள் பால் வாங்கப் போவது அவள். மாண்டவியில் ஒரு சாயங்காலம், கத்தரிக்காய்க்காரரிடம் பையன் "பச்சீஸ், பச்சீஸ்" என்று விரலைக் காட்டிப் பேரம் பேசி, 40 சொன்னதை 25-க்கு வாங்கி வந்தான். சில்லறையை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, எத்தனை சதவீதம் குறைத்தான் என்று அவனே மனக்கணக்காகப் போட்டுச் சொன்னான்: முப்பத்தேழரை.

சான்றிதழாகவே கையில் வேண்டும் என்று மாமனார் நினைத்தால், தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்தைக் காட்டுங்கள். அதில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகள் உண்டு. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். உங்கள் பையன் ஏழாவது முடிக்கிறான் என்பதால் போவதானால் அடுத்த வருடமே போய்விடுங்கள். ஒன்பதாவது தொட்ட பிறகு வேண்டாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் பாரத்தையும் பயணத்தையும் ஒரு பிள்ளையின் தலையில் சேர்த்து வைக்கக் கூடாது.

*கேள்வி: தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 64. மனைவிக்கு 60, சர்க்கரை உண்டு. மகன் குடும்பத்துடன் நாங்களும் ஒரு வருடம் போகலாம் என்று பேச்சு. எங்களால் அவர்களுக்குச் சுமையாகிவிடுமோ என்று யோசிக்கிறேன்.*
ஒரு வாசகர், காரைக்குடி

ஐயா, தாராளமாகப் போகலாம். ஆனால் வருடம் முழுக்கக் கூடவே இருக்க வேண்டாம். மகன் குடும்பம் ஒரு மாதமாகத் தங்கும் ஊர்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். என் மாமியார் கடைசியில் மனம் மாறி அப்படித்தான் காசிக்கும் பூரிக்கும் வந்தார்கள். லே ஊருக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை. அது 3,500 மீட்டர் உயரம், போன முதல் இரண்டு நாள் எங்களுக்கே மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. உங்கள் மனைவியின் மருத்துவரைக் கேட்காமல் அந்த உயரத்துக்குப் போகாதீர்கள்.

காசி உங்களுக்கு அந்நியமாக இருக்காது. உங்கள் பக்கத்து நகரத்தார் கட்டிய சத்திரம் கோதௌலியா அருகே இருக்கிறது. அனுமன் படித்துறைப் பக்கம் தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு, பாரதியார் இளவயதில் இருந்ததும் அந்தப் பக்கம்தான். நாங்கள் அங்கே நாற்பது நாள் இருந்தோம். விடியற்காலையில் என் மாமியார் படித்துறையில் உட்கார்ந்து, யாரோ ஒரு பாட்டியிடம் தமிழில் வீட்டுக்கதை பேசிக்கொண்டிருப்பார். அவரை இறங்கி ஏற வைக்கும் படிகள்தான் எனக்குக் கவலை, அதனால் ஆற்றுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் அறை எடுத்தேன். வாடகை 2,000 கூட, அதைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

மருந்துக்கு: மாத்திரைச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் மருத்துவரைக் கொண்டே எழுதி வாங்குங்கள். மூலப் பெயர் இருந்தால் எந்த ஊரிலும் மக்கள் மருந்தகத்தில் (ஜன் ஔஷதி கடை) வாங்கலாம், விலையும் குறையும். இன்சுலின் போடுகிறவர் என்றால் தங்கும் இடத்தில் குளிர்பெட்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு புதிதாக எடுப்பதாக இருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே சர்க்கரைக்கு அந்தக் காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிப் பணத்தைத் தனியாக வையுங்கள்.

ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்பவில்லை. பட்ஜெட்டில் முழுக் கட்டணமே போடுங்கள். கீழ்ப் படுக்கைக்கு ஒரு வழி இருக்கிறது. மூத்தவர்களுக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு, ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர் இருந்தால்தான் கிடைக்கும். மகன் எல்லாருக்கும் சேர்த்து ஆறு பேருக்கு ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அது போய்விடும். உங்கள் இருவருக்கும் தனி டிக்கெட் போடச் சொல்லுங்கள். நவம்பரில் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழைப் போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம், அதற்காக ஊர் திரும்ப வேண்டாம்.

சுமையாகிவிடுமோ என்ற உங்கள் கேள்வி என் மனதிலேயே இருந்தது. காசியில் இரண்டு நாள் நானும் வீட்டுக்காரரும் மட்டும் சாரநாத் போய்வந்தோம், பிள்ளைகள் பாட்டியுடன் இருந்தார்கள். அந்தப் பதினோரு மாதத்தில் நாங்கள் இருவரும் தனியாக நடந்த நாட்கள் அவை மட்டும்தான். உங்கள் மகனும் மருமகளும் அதற்கு நன்றி சொல்வார்கள்.

*கேள்வி: பணத்தை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொண்டீர்கள்? எல்லாமே போனில்தானா?*
ஒரு வாசகர், தூத்துக்குடி

இரண்டு கணக்கு. மொத்தப் பணம் ஒரு கணக்கில், அதைப் போன் செயலி எதிலும் இணைக்கவில்லை. இன்னொன்று நடைச் செலவுக் கணக்கு, அது மட்டும் போனில். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெரிய கணக்கிலிருந்து 13,000 இதற்கு வரும். ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துபோனால் அன்றைக்கு அரிசியும் பருப்பும்தான், வெளியே சாப்பாடு கிடையாது.

நாங்கள் மாட்டிக்கொண்டது ஜம்முவில். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. எங்கள் இரண்டு போனும் ப்ரீபெய்ட். எல்லை தாண்டியதும் சிக்னல் போனது, வங்கியின் ஓடிபி வரவில்லை, திங்கட்கிழமைப் பணத்தை மாற்ற முடியவில்லை. ஏடிஎம் அட்டை மட்டும் கைகொடுத்தது. லேயில் ஒரு கடைத்தெரு ஏடிஎம் முன்னால் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, என் முறை வந்தபோது பணம் தீர்ந்துவிட்டது. பை மடிப்பில் தைத்து வைத்திருந்த 8,000 ரூபாயைப் பிரித்தது அன்றைக்குத்தான். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு போனையாவது ஒரு மாதம் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள். பணம் கொஞ்சம் தைத்தும் வையுங்கள்.

*கேள்வி: கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. ஐந்து லட்சம் தனிநபர் கடன் போட்டுப் போகலாம் என்கிறார் என் கணவர். மூன்று வருடத்தில் அடைத்துவிடலாமாம். உங்கள் கருத்து?*
பெயர் வேண்டாம், பல்லடம்

வேண்டாம் கண்ணு. 14 சதவீத வட்டிக்கு ஐந்து லட்சம் என்றால் மூன்று வருடத்துக்கு மாதம் 17,000-க்கு மேல் தவணை. அது வாங்கிய அடுத்த மாதமே தொடங்கும். சம்பளம் இல்லாத அந்த வருடத்திலேயே கடன் பணத்தில் இருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் தவணைக்கே திரும்பிப் போய்விடும். மீதி இரண்டு வருடம், போய்வந்த சந்தோஷத்துக்குத் தண்டம் கட்டுவது போல இருக்கும். உங்கள் கணவரின் ஆசையில் தப்பில்லை, அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். நாங்களும் நினைத்த அன்றே கிளம்பவில்லை. ஐந்து வருடம் சீட்டுக் கட்டினோம்.

இருக்கிற இரண்டு லட்சத்தில் 60,000 எடுத்து, வரும் மே மாதம் முழுக்க ஒரே ஊரில் போய் இருந்துவிட்டு வாருங்கள். வீடு எடுத்து, சமைத்து, நாள்வழி எழுதி. ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் ஒரே அறையில் முப்பது நாள் இருக்க முடிகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். எங்களுக்கு அது தெரிந்தது, கிளம்பும் முன் இப்படி ஒத்திகை பார்த்த மைசூரில். வீட்டுக்காரருக்கு வேலை இல்லாமல் கை சும்மா இருக்க முடியாது என்று பத்தாம் நாள் புரிந்தது. பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அவர் ஒரு மோட்டார்க் கடையைத் தேடிப்போய் உட்கார்ந்துகொள்வார். கூலி வாங்க மாட்டார், டீ மட்டும்.

*கேள்வி: அத்தை, நான் ஏழாவது படிக்கிறேன். அப்பா உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து நாமும் போகலாம் என்கிறார். எனக்கு என் சிநேகிதியை விட்டுவிட்டு ஒரு வருடம் போக இஷ்டமில்லை. உங்கள் பொண்ணு அழவில்லையா?*
ஒரு மாணவி, சத்தியமங்கலம்

அழுதாள் சாமி. ஹிம்சாகர் சேலம் தாண்டும் வரை அழுதாள். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

கிளம்பும் முன் தபால் நிலையத்தில் 50 பைசா அஞ்சலட்டை நாற்பது வாங்கிக் கொடுத்திருந்தேன், மொத்தம் 20 ரூபாய். முதல் இரண்டு மாதம் அவள் எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள், ஒன்றுக்கும் பதில் வரவில்லை. எப்படி வரும்? பதில் வருவதற்குள் நாங்கள் அடுத்த ஊருக்குப் போயிருப்போம். அவளுக்கு அது புரியவில்லை, சிநேகிதி மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். பாலம்பூரில் ஒரு மாதம் இருப்பது என்று முடிவானதும், வீட்டுக்காரம்மாவின் முகவரியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக அட்டையின் மேலே எழுதினாள். பதினெட்டாம் நாள், மழையில் நனைந்து மை லேசாகக் கரைந்த ஒரு அட்டை வந்தது. ஈரோட்டிலிருந்து வந்த முதல் பதில். அதை அரிசி டப்பாவுக்குள் வைத்து உலர்த்தினாள்.

அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அவள் முதல் வேலை அந்த ஊர் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்பது. மாண்டவியில் ஆற்றங்கரையில் மரக்கப்பல் கட்டுவார்கள், நாலு மாடி உயரம், மரத்தாலேயே. அதைப் படம் வரைந்து அனுப்பினாள். பதிலில் அந்தப் பிள்ளை எழுதியிருந்தது: "உங்க ஊர்ல கப்பல் கட்டறாங்க. நம்ம தெருவுல சாக்கடை கட்டறாங்க. நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்னு சொல்றாங்க."

நீ அப்பாவிடம் இரண்டு விஷயம் கேள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்று சொல். அப்புறம், உன் சிநேகிதிக்கும் இருபது அஞ்சலட்டை வாங்கிக் கொடுக்கச் சொல். பத்து ரூபாய்தான் ஆகும்.